எண்ணெய் பட்ட சுவர்

அருள்தாஸ் சார் இறந்து ஒரு வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தது. சென்னையிலிருந்து மகன் நிலவழகன் போன் போட்டான்.

"ஆண்டுப் பூசைக்கு முன்னாடி வீட்டு உள்பக்கம் பூராம் பெயின்ட் அடிச்சிரும்மா. பூசை முடிஞ்சு ஃபாதர் வீட்டுக்கு வர்றாரு. அப்பாகிட்டப் படிச்சவங்க பெரிய படம் ஒண்ணு செஞ்சு கொண்டாராங்க. வீடு அழுதுவடிஞ்சு கெடந்தா நல்லாருக்காது."

"சரிப்பா" என்றாள் அடைக்கலமேரி.

போனை வைக்கப் போனவன் நிறுத்தி, "அப்பா ரூமை மட்டும் தொட வேணாம். அந்தப் பச்சை அவரே பாத்து எடுத்தது. படத்தை அங்கதான் மாட்டப்போறோம்" என்றான்.

அதற்கும் "சரிப்பா" என்றாள். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பாள். இடது காது கேட்காமல் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற சின்ன ஊர் அது. அருள்தாஸ் சார் என்றால் சுத்துப்பட்டில் தெரியாதவர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசிப் பத்து வருஷம் தலைமையாசிரியர். ஒரு நாள் லீவு போட்டதில்லை. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்துத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் கூடவே போய்வருவார். பங்குப் பேரவையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் அடைக்கலமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கென்னடி மேரி, தங்கத்தைக் கட்டிக்கிட்டவ" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

பெயின்ட் அடிக்க மதுரைவீரன் வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரன். கூட ஆள் வைத்துக்கொள்ளாமல் தனியாகச் செய்கிறவன். மொபட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதும் முதல் காரியமாக, மேசைமேல் இருந்த சாரின் சின்னப் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நானும் சார்கிட்டப் படிச்சவன்தாம்மா. அஞ்சாவதோட நின்னுட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுதுன்னா அது சார் போட்ட பிச்சை."

"அப்படியா" என்று காபி போட உள்ளே போனாள்.

முதல் நாள் ஹாலைக் காலிசெய்து, சுவரைத் தேய்த்துத் தூசி தட்டிப் பிரைமர் அடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் வந்தவன் ஹாலுக்குள் நுழைந்ததுமே நின்றுவிட்டான். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில், வெள்ளைப் பிரைமரைத் தாண்டிக்கொண்டு மஞ்சளும் அரக்குமாகத் திட்டுத்திட்டாகக் கறை எழும்பியிருந்தது.

"அம்மா, இங்கிட்டு வந்து பாருங்க."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த எடம் பிரைமரை வாங்கவே இல்ல. எண்ணெய் எறங்கியிருக்கு. எண்ணெய் பட்ட செவுத்துமேல எத்தனை கோட்டு அடிச்சாலும் மறுபடி மேல வந்துரும். அடுப்படின்னா சரி. ஹாலுக்குள்ள எப்படி, அதுவும் இம்புட்டு ஒசரத்துல?"

பதிலுக்குக் காத்திராமல் தகட்டை எடுத்துச் சுரண்டினான். க்ரீம் கலர் பெயர்ந்தது. அதன் அடியில் வேறொரு க்ரீம், கொஞ்சம் மங்கல். அதன் அடியில் இன்னொன்று, ரோஸ் கலந்தது. எல்லாம் அந்தந்த இடத்தில் மட்டும் முறம் அகலத்துக்கு அடித்த ஒட்டுகள்.

"எத்தனை தடவைம்மா ஒட்டுப் போட்டிருக்கீங்க? ஒண்ணோட ஒண்ணு கலரு சேரலையே."

"கொழம்புச் சட்டி கை தவறிருச்சு" என்றாள். பல வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, கேட்காமலே வாயில் வந்து நின்றது.

மதுரைவீரன் சுவரைப் பார்த்தபடியே, "கை தவறுன சட்டி கீழதானேம்மா கொட்டும்..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். கறையின் நடுவில் சின்னதாக ஒரு குழி, தட்டின் விளிம்பு பட்டது போல. அதைச் சுற்றி நாலாபக்கமும் தெறிப்பு. பிறகு கீழ்நோக்கி வழிந்த கோடுகள். இருபத்தைந்து வருஷம் சுவரோடு கிடக்கிறவனுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்காது. குனிந்து தகட்டை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"சிமென்ட்டு தெரியற வரைக்கும் கொத்தி எடுத்துட்டுப் பூசிர்றேம்மா. இனி வராது" என்றான் கடைசியில். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் வாயில் 'சார்' என்ற சொல் வரவில்லை.

உப்புக் கூடிவிட்டால் தட்டு பறக்கும். சில நாள் உப்பு சரியாக இருந்தாலும் பறக்கும். அருள்தாஸ் சத்தம் போட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். தட்டை எறிந்துவிட்டுக் கை கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவார். அவள் சோற்றை அள்ளிப்போட்டுவிட்டு சோப்புத்தண்ணீரால் சுவரைத் துடைப்பாள். சனிக்கிழமை அவரே அரை லிட்டர் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்து மேசைமேல் வைப்பார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று முதல் சில வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் விளங்கியது, அது அவளுக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடம்.

ஹாலும் அடுப்படியும் முடிந்து, மகன் அறையையும் முடித்த அன்றைக்கு, மதுரைவீரன் ரோலரைக் கழுவிக்கொண்டே, "அந்த ரூமு வேணாம்னுட்டீங்கல்ல?" என்று கேட்டான்.

"மகன் வேணாம்னான்."

சொல்லிவிட்டு அந்த அறைக்குள் போனாள். கட்டில், பீரோ, அவருடைய நாற்காலி. கட்டிலுக்கு இடப்பக்கம் சுவரில் காலண்டர் தொங்கியது. அதைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். உள்ளே பாதித் தேங்காய் அளவுக்குக் குழி. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

நிலவழகன் அப்போது ஆறாவது படித்தான். யாரோ விருந்தாளி வந்திருந்தார். மாதா கோயில் தேர் எந்த வருஷம் புதிதாகச் செய்தது என்று பேச்சு வந்தது. அருள்தாஸ் ஒரு வருஷம் சொன்னார். இவள் காபியை நீட்டிக்கொண்டே, "இல்லைங்க, அது அதுக்கு முந்தின வருஷம், அழகன் பொறந்தப்போ" என்று சொல்லிவிட்டாள். விருந்தாளி சிரித்தார். அவரும் சிரித்தார். விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, இவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இந்தச் சுவரில் மோதினார். ஒரே தடவைதான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். தையல் போட்டார்கள். காதுக்கு மருந்தில்லை என்றார்கள். வீடு திரும்பியபோது குழிமேல் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஜனவரி வந்தால் பழையதைக் கழற்றிப் புதுக் காலண்டரை அதே ஆணியில் மாட்டுவது அவள் வேலையாகப் போனது. தன் மண்டை பட்ட இடத்தைத் தானே வருஷா வருஷம் மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்து, "மதுரைவீரா, இதையும் பட்டி வச்சு அடைச்சு, கலரையும் மாத்திரு" என்றாள்.

"தம்பி ஏசாதாம்மா?"

"இந்த வீட்டுல குடியிருக்கறது நான்தான்."

அவன் உள்ளே வந்து குழிக்குள் கையை வைத்து ஆழம் பார்த்தான். திரும்பி அவளுடைய உயரத்தைப் பார்த்தான். சூடுபட்டவன் போலக் கையை எடுத்துக்கொண்டான்.

"பாத்துருவோம்மா. நல்லாவே பாத்துருவோம்."

கலர் அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். கல்யாணத்துக்கு எடுத்த சேலையிலிருந்து வாசல் கேட்டு வரைக்கும் எந்தக் கலரையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை. ரெண்டு நாள் அந்த அட்டையை வைத்துக்கொண்டு வெயிலில் பார்த்தாள், லைட்டைப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஆவாரம்பூ மஞ்சளில் விரலை வைத்தாள். அருள்தாஸுக்கு மஞ்சள் ஆகாது, கண்ணைக் குத்துகிறது என்பார்.

அடித்து முடிந்து காய்ந்த அன்று மத்தியானம், தட்டில் மோர்ச்சோறு போட்டுக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். அங்கே யாரும் எதையும் சாப்பிடக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அறை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஃபேனை முழுசாகச் சுற்றவிட்டு, மாவடுவைக் கடித்துக்கொண்டு நாலு சுவரையும் மாறிமாறிப் பார்த்தபடி சாப்பிட்டாள். ரெண்டு பருக்கை கீழே சிந்தியது. அள்ளாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

நிலவழகனும் மருமகள் ஷர்லியும் புதன்கிழமை காரில் வந்தார்கள். கல்யாணமாகி ரெண்டு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. ஷர்லிக்கு அறந்தாங்கி. அதிகம் பேசாத பெண். வந்த வேகத்தில் அடுப்படிக்குப் போய்க் காபி போடத் தொடங்கிவிட்டாள்.

நிலவழகன் ஹாலைச் சுற்றிப் பார்த்து, "ஜோரா இருக்கும்மா. செவுரு கண்ணாடியாட்டம் இருக்கு" என்றான். ஷர்லி நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு அப்பா அறைக் கதவைத் திறந்தான். திறந்தவன் உள்ளே போகாமல் நிலையிலேயே நின்றான்.

"யாரைக் கேட்டும்மா அடிச்ச?"

சத்தமே இல்லாமல் கேட்டான். அந்தச் சத்தமில்லாத குரல் அருள்தாஸுடையது. ஆனாலும் ரெண்டு வாரமாகப் பேச வேண்டும் என்று மனதில் உருப்போட்டு வைத்திருந்ததால் வாய் திறந்தது.

"அந்தக் காலண்டருக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாடா? எங்காது எப்படிப் போச்சுன்னு தெரியுமா? நான் வழுக்கி விழல. ஒங்கப்பா..."

"தெரியும்."

நிலவழகன் காபியை ஒரு மிடறு குடித்தான்.

"எல்லாம் தெரியும்மா. பக்கத்து ரூமுலதானே படுத்துக் கெடந்தேன். நான் என்ன செவிடா?"

செவிடு என்ற சொல் வந்த பிறகும் அவன் முகம் மாறவில்லை.

"தெரிஞ்சுமா அந்த ரூமைத் தொடாதன்னு சொன்ன?"

"அதுக்காக? என்னைய எஞ்சினியருக்குப் படிக்க வச்சது யாரு? இந்த ஊருல நூறு குடும்பம் கஞ்சி குடிக்கறது யாராலன்னு கேட்டுப் பாரு. ஒரு மனுசனுக்குக் கோவம்னு ஒண்ணு இருக்கும். செத்துப் போனவரு மேல இப்ப வந்து கேசு போடுறியா? ஞாயித்துக்கெழம ஊரே வருது. அதுக்குள்ள பழைய பச்சை இருக்கணும்."

"மாத்த மாட்டேன்."

வாழ்நாளில் அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நிலவழகன் கையிலிருந்த டம்ளர் பறந்தது. அவள்மேல் இல்லை, சுவரின்மேல். கணீரென்று அடித்துத் தரையில் உருண்டது. புது மஞ்சளில் காபி நட்சத்திரம் போலத் தெறித்துக் கீழே வழியத் தொடங்கியது.

அடைக்கலமேரி சுவரைப் பார்க்கவில்லை, ஷர்லியைப் பார்த்தாள். அந்தப் பெண் அலறவில்லை, திடுக்கிடக்கூட இல்லை. டம்ளர் உருண்டு நிற்பதற்குள் அடுப்படிக்குப் போய் ஈரத்துணியோடு வந்துவிட்டாள். புருஷனைத் தொட்டுவிடாமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போய், வழிகிற இடத்துக்குக் கீழே துணியை வைத்து, கீழிருந்து மேலாக ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"தேய்க்கக் கூடாது அத்தை. பால் கறை, தேய்ச்சா பரவிரும். காயறதுக்குள்ள ஒத்தி எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நிலவழகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடைக்கலமேரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வேலையை ஒருத்தி எத்தனையாவது தடவை செய்கிறாள் என்பது கையைப் பார்த்தாலே தெரியும்.

சாயங்காலம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஷர்லியைப் பிடித்து நிறுத்தினாள்.

"எத்தனை நாளா?"

"என்னத்தை அத்தை?"

"எங்கிட்டயுமா?"

ஷர்லி காபிக்கறைத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வற்றிய பிறகும் பிழிந்தாள்.

"மறுவீடு போய்ட்டு வந்த வாரத்துலேருந்து."

"ஒங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். பொறுத்துப் போன்னாங்க." துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, கோபமில்லாமல், கணக்கு விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்கம்மாவையும் கொறை சொல்ல முடியாது அத்தை. பேசி முடிக்க வந்தன்னைக்கு அவங்க ஒங்ககிட்டத்தான் கேட்டாங்க, பையன் கொணம் எப்படின்னு. 'அப்படியே அவங்கப்பாதான்'னு சொன்னீங்க. அருள்தாஸ் சாரு மாதிரி மாப்பிள்ளைன்னு வழி பூராம் சொல்லிக்கிட்டு வந்தாங்க."

அடைக்கலமேரி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னது உண்மைதான். ஹாலில் அருள்தாஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று இப்போது தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஷர்லியின் அம்மா டம்ளர்களை அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பத்து நிமிஷம் அவர்கள் ரெண்டு பேர் மட்டும்தான் நின்றார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதே, மகனின் குரல் தணியும்போது வீட்டில் பூனைகூட எழுந்து போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள், பேச்சுத்துணைக்கு ஆகும் என்ற ஆசை வாயை அடைத்துவிட்டது.

"நீ போகாத ஷர்லி. இங்கயே இருந்துரு. நான் பாத்துக்கறேன்."

"ஒங்களுக்கும் அண்ணன் வீடு இருந்துச்சே அத்தை. நீங்க போனீங்களா?"

ஒரு தடவை போனாள். மறுநாளே அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவளைக் கொண்டுவந்து விட்டு, "தங்கச்சி தெரியாம வந்துருச்சு, மாப்ளே" என்று சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அதை ஷர்லியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நிலவழகன் மதுரைவீரனை வரச்சொன்னான். அவன் பச்சை டப்பாவோடு வந்து, அடைக்கலமேரி நின்ற பக்கம் திரும்பாமலே உள்ளே போனான். அறையை முடித்துவிட்டு வெளியே வரும்போதுதான் அடுப்படி வாசலில் ஒரு நிமிஷம் நின்றான்.

"தம்பி சொல்லுது, என்ன செய்யறது... குழியை அடைச்சது அடைச்சதுதாம்மா. அது தெரியாது."

"அதுதான் கஷ்டமே" என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் நிலவழகன் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பின்கதவுச் சாவிகளில் ஒன்றை ஷர்லியின் கையில் திணித்தாள். "எப்ப வேணாலும் வா. போன் பண்ணணும்னுகூட இல்ல. நேரா வந்து தெறந்துக்க." ஷர்லி சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விரல்களை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து அடைக்கலமேரிக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடமில்லை. சாமியார் பிரசங்கத்தில், "இந்தப் பங்கில் விளக்கைப் போல எரிந்தவர்" என்றார். "அவருக்குப் பின்னால் பொறுமையோடு நின்ற அந்தத் தாயையும் நினைக்க வேண்டும்" என்றபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் சொல்லி, ஊர்வலம்போல வீட்டுக்கு வந்தார்கள். பழைய மாணவர்கள் நாலு பேர் தூக்கிவந்த படம் கதவு உயரம் இருந்தது. பச்சைச் சுவரில், கட்டிலுக்கு இடப்பக்கம், அந்தப் பழைய ஆணி இருந்த இடத்துக்கு நேராகப் பெரிய ஆணி அடித்து அதை மாட்டினார்கள். மாலையை அவளே போட வேண்டும் என்றார்கள். போட்டாள். போட்டோ எடுத்தார்கள்.

பந்தியில் ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "தம்பியைப் பாருங்க, நடை, பேச்சு, எல்லாம் அச்சு அசல் சார்தான்" என்றார்.

"ஆமா, கையும் அதே கைதான்" என்றாள் அடைக்கலமேரி.

கொடுக்கிற கையைச் சொல்கிறாள் என்று நினைத்து அந்த வரிசையே தலையாட்டியது. நிலவழகன் மட்டும் குழம்பு வாளியோடு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

பந்தி முடிந்ததும், பூசைக்கு வந்திருந்த ஷர்லியின் அம்மாவை அவள் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"சம்மந்தி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எம்புருசன் என்னைய அடிச்சே செவிடாக்குன ஆளு. எம்மகனும் அதே மாதிரிதான். ஒங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருங்க. ஊருக்கு முன்னாடி வேணும்னாலும் நான் சொல்றேன்."

ஷர்லியின் அம்மா பதறிப்போய்ப் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அடைக்கலமேரியின் தோளைத் தொட்டாள்.

"மெதுவாப் பேசுங்க சம்மந்தி. நல்ல நாளும் அதுவுமா. எந்த வீட்டுலதான் இல்ல? எங்க வீட்டுல இல்லையா? ஒரு புள்ளை பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும். நீங்களே முப்பது வருசம் குடும்பம் நடத்தி, இன்னைக்கு ஊரே கையெடுத்துக் கும்பிடற மாதிரி நிக்கலையா? ஒங்களைப் பாத்துத்தான் அவளுக்கும் சொல்றேன்."

அடைக்கலமேரியின் முப்பது வருஷமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றால் என்ன செய்வது?

மூன்று மணிக்கு நிலவழகன் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ஷர்லி மட்டும் இறங்கி வந்து, "போய்ட்டு வாரேன் அத்தை" என்றாள்.

"சாவி பத்திரமா?" என்றாள் அடைக்கலமேரி அடிக்குரலில்.

ஷர்லி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லையென்றா என்று புரியவில்லை. ஹாரன் ஒரு தடவை அடித்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பாத்திரங்களை ஒழுங்குபடுத்த அடுப்படிக்குப் போனபோது மேடைமேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்தாள். அடியில் சாவி இருந்தது. கழுவித் துடைத்த டம்ளர், துடைத்த சாவி.

ஷர்லியின் அம்மா அறந்தாங்கி பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து, பிரியாணி மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். அடைக்கலமேரி சட்டி நிறைய வைத்து மூடிவிட்டு, சாவியை நீட்டினாள்.

"இதை ஷர்லிகிட்டக் குடுத்துருங்க."

"என்ன சாவி?"

"இந்த வீட்டுச் சாவி."

ஷர்லியின் அம்மா சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "வேணாம் சம்மந்தி. குடும்பத்துல இருக்கற பொண்ணுக்கு இன்னொரு வீட்டுச் சாவி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. நிலவழகன் போன் பண்ணுவதில்லை. சார் போனதிலிருந்து அம்மாவுக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று ஊரில் யாரிடமோ சொல்லியிருக்கிறான், அது சுற்றிச் சுற்றி அவள் வலது காதுக்கே வந்து சேர்ந்தது. ஷர்லி எப்போதாவது பேசுவாள். இங்கே மழையா அத்தை, அங்கே வெயிலா என்பதோடு முடிந்துவிடும். படத்தைப் பார்க்க இன்னமும் யாராவது வருகிறார்கள், பிள்ளைகுட்டிகளோடு. அவள்தான் அறையைத் திறந்துவிட்டு, லைட்டைப் போட்டு, ஒதுங்கி நிற்கிறாள்.

பின்கதவைப் பூட்டுவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். தாழ்ப்பாள்கூடப் போடுவதில்லை, சும்மா சாத்தி வைக்கிறாள். காலம் கெட்டுக் கிடக்கிறது, தனியாக இருக்கிற பொம்பளை இப்படியா இருப்பது என்று அக்கம்பக்கத்தில் ஏசுகிறார்கள். அவள் கேட்பதில்லை. இதுவரை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது ஒரு தெருநாய் மட்டும்தான், ரெண்டு தடவை.